டெல்லியில் பிஎச்டி சேர்ந்தவர் பல்கலைக்கழக நூலகத்திடம் எதை, எப்போது கேட்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: தமிழ்நாட்டில் எம்.ஏ. முடித்துவிட்டு டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சார்ந்த தலைப்பில் பிஎச்டி சேர்ந்திருக்கிறேன். முனிர்க்காவில் அறை. அறையிலிருந்து ஆய்விதழ்கள் திறப்பதில்லை, பணம் கட்டச் சொல்கின்றன. ப்ளேஜியரிசம் (பிறர் எழுத்தைச் சுட்டாமல் எடுத்தாள்வது) 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொன்ன யுஜிசி கேர் பட்டியலையும் எடுத்துவிட்டார்களாம். புத்தகம் எடுப்பதைத் தவிர நூலகம் எனக்கு என்ன செய்யும்?

பதில்:

நிறையச் செய்யும், நேரத்தோடு போனால். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் நூலகத்துக்கு வந்து சேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் பருவத்திலேயே தொடங்கியவை. யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்தது, மேற்கோளுக்குப் பக்க எண் எழுதிவைக்காதது, ஒவ்வொரு கட்டுரையிலும் பெயரை ஒவ்வொரு விதமாகப் போட்டது என்று அவை எல்லாமே சின்ன விஷயங்கள். முதல் ஆண்டில் ஒரு பிற்பகலில் சரிசெய்யலாம். நான்காம் ஆண்டில் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கீழே சொல்வது ஒவ்வொன்றிலும் ‘எப்போது’ என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

முதலில் அறையிலிருந்து திறக்காத ஆய்விதழ்கள். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 6,300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு இது பொருந்தும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் முதல் கட்டத்தில் இல்லை. நீங்கள் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருப்பதால், உங்களிடம் பணம் கேட்கும் கட்டுரைகளில் கணிசமானவற்றுக்கு அரசு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டது. நீங்கள் யார் என்று அந்தப் பதிப்பகத்தின் தளத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வளாகத்துக்குள் இருக்கும்போது உங்களைக் காட்டிக்கொடுப்பது பல்கலைக்கழக இணைப்பின் ஐபி முகவரி. அதனால் வளாக வைஃபையில் எதுவும் கேட்காமல் திறக்கும். அதே வளாகத்தில் உட்கார்ந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்தால் திறக்காது. உலாவியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் திறக்காது. ‘நேற்று வந்தது, இன்று வரவில்லை’ என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்.

அறையிலிருந்து திறக்க நூலகம் தரும் தொலைநிலைக் கணக்கு வேண்டும். பெரும்பாலும் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பு வழியாகக் கொடுப்பார்கள். சில நூலகங்கள் தனிச் சேவை ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்து விண்ணப்பியுங்கள். ஜிமெயிலிலிருந்து வரும் விண்ணப்பத்தில் நீங்கள் யார் என்று சரிபார்க்கவே நாட்கள் போய்விடும். கணக்கு வந்ததும் செய்ய வேண்டியது இது. பதிப்பகத்தின் தளத்தில் கட்டுரைப் பக்கத்துக்குப் போங்கள். ‘நிறுவனம் வழியாக நுழைக’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கூட்டமைப்புப் பட்டியல் வந்தால் இன்ஃபெட்டைத் தேர்ந்து, பிறகு உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்து, நூலகம் தந்த பயனர் பெயரைக் கொடுங்கள். பதிப்பகத்தின் தளத்தில் புதிதாகத் தனிக் கணக்கு திறந்து அதன் கடவுச்சொல்லைப் போடுவதுதான் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம். அந்தக் கணக்குக்கும் சந்தாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

கூகுள் ஸ்காலரில் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ பகுதிக்குப் போய் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் சேர்த்துவிடுங்கள், தேடல் முடிவின் பக்கத்திலேயே நூலகம் வழியாகத் திறக்கும் இணைப்பு தெரியும். ஐந்து நூலகங்கள் வரை சேர்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஓர் ஆய்விதழின் பத்தாண்டு இதழ்களையும் ஒரே இரவில் இறக்கித் தரும் நிரல்களை ஓட்டாதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதை உடனே கண்டுபிடிக்கும். தடை உங்களுக்கு மட்டும் விழாது, முழுப் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரிக்கும் விழும். யார் செய்தது என்று கண்டறிந்து, விளக்கம் எழுதி, தடையை நீக்கும் வரை அத்தனை பேருக்கும் வேலை நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லையென்றால் அந்த இதழோ அந்த ஆண்டோ சந்தாவில் இல்லாமல் இருக்கலாம். புதிய இதழ்கள் திறந்து, 1980-களின் இதழ்கள் மட்டும் பூட்டியிருப்பது வழக்கமான ஒன்று. அப்போதும் பணம் கட்ட வேண்டாம். அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், சட்டப்படி திறந்த பிரதி எங்காவது இருந்தால் காட்டும். ஸ்காலரில் ‘எல்லா வடிவங்களும்’ இணைப்பை அழுத்திப் பாருங்கள். ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். அதுவும் நடக்காவிட்டால் நூலகர் வேறொரு நூலகத்திலிருந்து வரவழைப்பார். அதற்கான வலையமைப்பான டெல்நெட்டின் அலுவலகம் ஜேஎன்யு வளாகத்தை ஒட்டி நெல்சன் மண்டேலா சாலையில்தான் இருக்கிறது. 1988-இல் டெல்லி நூலகங்களை இணைக்கத் தொடங்கியது, இன்று நாடு முழுதும் விரிந்திருக்கிறது. கோரிக்கை தனிநபர் பெயரில் போகாது, உங்கள் நூலகம் வழியாகத்தான் போக வேண்டும். புத்தகம் வந்து சேர நாளாகும். அடுத்த வாரக் கருத்தரங்குக்கு இன்று கேட்டால் பயனில்லை.

கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்) தந்து கேட்டால் நூலகருக்கு வேலை எளிது. ஏஐ கருவி எழுதித் தந்த மேற்கோள் பட்டியலோடு வராதீர்கள். இதழின் பெயர் உண்மையாக இருக்கும், ஆசிரியரும் உண்மையாக இருப்பார், கட்டுரை மட்டும் உலகத்தில் எங்கும் இருக்காது. ஒவ்வொரு எண்ணையும் டிஓஐ தளத்தில் போட்டுப் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தமிழ் நூல்கள். டெல்லியில் தமிழ் நூல்கள் இல்லை என்று முடிவுகட்டி, சென்னைக்கு டிக்கெட் எடுப்பவர்கள் பலர். பாதி நேரம் நூல் அலமாரியில் இருக்கும், பட்டியலில் தேடிய எழுத்துக்கூட்டல்தான் தப்பு. வட இந்திய நூலகங்களின் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். அந்த எழுத்துப்பெயர்ப்பு நாம் கைப்பேசியில் தட்டும் தங்கிலீஷ் அல்ல, தமிழ் லெக்சிகன் என்ற அகராதி வழி வந்த முறை. அதில் ச-வுக்கு எப்போதும் ‘சி’, ‘எஸ்’ வராது. க-வுக்கு எப்போதும் ‘கே’, ‘ஜி’ வராது. த-வுக்கு ‘எச்’ சேராத வெறும் ‘டி’ (டேபிளின் முதலெழுத்து). ப-வுக்கு எங்கும் ‘பி’ (பேப்பரின் முதலெழுத்து). ழ-வுக்கு ‘இசட்-எச்’ கிடையாது, அடியில் கோடிட்ட ‘எல்’. நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்க மாட்டார்கள், மேலே ஒரு கோடு மட்டும் வரும். ஆக, சங்கம் என்பதை சி-ஏ-என்-கே-ஏ-எம் என்று தேட வேண்டும். சிலப்பதிகாரம் ‘சி-ஐ-எல்’ என்று தொடங்கும். தொல்காப்பியத்தில் முதல் ‘டி’-க்குப் பிறகு ‘எச்’ இல்லை. மேற்கோடு, அடிக்கோடு, புள்ளிகளைத் தட்ட வேண்டியதில்லை, பெரும்பாலான பட்டியல் மென்பொருள்கள் அவற்றைப் பொருட்படுத்தாது. இந்த முறையில் ஒருதரம், நம் வழக்கப்படி ஒருதரம், தமிழ் எழுத்திலேயே ஒருதரம் என மூன்று முறை தேடினால்தான் ‘இல்லை’ என்று சொல்ல முடியும். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊழியர்கள் பதிவு செய்த பட்டியல் அது.

இதைவிட உறுதியான வழி, அலமாரி எண்ணைப் பிடித்துக்கொண்டு நேரில் போவது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூவி (டியூயி) பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. கோலன் என்ற இன்னொரு பகுப்பு வழங்கும் நூலகமென்றால் இலக்கியத்துக்கு ‘ஓ’, தமிழுக்கு 31. கோலன் பகுப்பை உருவாக்கியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1947 முதல் சில ஆண்டுகள் டெல்லிப் பல்கலைக்கழகத்தில்தான் நூலகவியல் கற்பித்தார். அந்த எண்ணுக்குரிய வரிசை முன் ஒரு மணி நேரம் நின்று முதுகுப் பக்கங்களைப் படியுங்கள். பட்டியலில் தப்பாகப் பதிவான நூல்கள் அப்படித்தான் அகப்படும்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே உங்களுக்கு அவசியமான இடங்கள் சில உண்டு. பெரோஸ்ஷா சாலையில் ரவீந்திர பவனில் உள்ள சாகித்ய அகாதெமி நூலகம், மண்டி ஹவுஸ் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். ஆர்.கே. புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், உங்கள் முனிர்க்காவுக்குப் பக்கத்திலேயே. பழைய டெல்லி ரயில் நிலையத்துக்கு எதிரே டெல்லி பொது நூலகம். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி பெறும் உரிமை கன்னிமாராவைப் போல இதற்கும் உண்டு. குடியேற்றக் கால வரலாறு என்றால் ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம். போவதற்கு முன் அதன் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் தேடிக் கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போனால் முதல் நாள் வீணாகாது. தீன்மூர்த்தி நூலகத்தை, அதாவது 2023 முதல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று வழங்குவதை, இருபதாம் நூற்றாண்டு அரசியலில் ஆய்வு செய்பவர் தவறவிடக் கூடாது. ராஜாஜியின் தாள்கள் அங்கே இருக்கின்றன. இந்த இடங்களுக்கெல்லாம் ஆய்வு வழிகாட்டியோ நூலகரோ தரும் அறிமுகக் கடிதம், அடையாள அட்டையின் நகல், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் ஆய்வுத் தலைப்பும் எந்தக் காலகட்டத்தின் ஆவணங்கள் வேண்டும் என்பதும் இருக்கட்டும். ‘ஆய்வுப் பணிக்காக’ என்ற ஒற்றை வரியோடு போனால் திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு.

ஏற்கெனவே நடந்த ஆய்வுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்கா தளம். அதில் தமிழ்த் துறைகளின் ஆய்வேடுகளைச் சொல் கொடுத்துத் தேடினால் மிகச் சிலவே வரும். பழைய ஆய்வேடுகள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலோ ஸ்கேன் படமாகவோ இருப்பதால் உள்ளே இருக்கும் தமிழ் கணினிக்குத் தெரியாது. பல்கலைக்கழகம், பிறகு துறை என்ற வரிசையில் உள்ளே போய்த் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைப்பு உறுதியாவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இதே சிக்கல் உங்கள் ஆய்வேட்டுக்கும் வரக்கூடும் என்பதால் எழுத்துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் நாளிலிருந்து யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்தால் திரையில் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஆங்கிலக் குறிகளின் வரிசை. ப்ளேஜியரிசம் மென்பொருளுக்கு அது அர்த்தமற்ற குப்பை. வெளியே தட்டச்சுக்குக் கொடுப்பதானால் இதை முன்கூட்டியே சொல்லி, பத்துப் பக்கம் வாங்கிச் சரிபார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

யூனிகோடிலும் பொறிகள் உண்டு. ‘கொ’ என்பதைக் க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் கணினிக்கு வேறு வேறு. ‘கௌ’ என்பதைக் கெ-வும் ள-வும் சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் வழியாக எடுத்த பாடத்தில் காலும் ர-வும் இடம் மாறிக் கிடக்கும். பாட ஒப்பீட்டு ஆய்வோ சொல்லடைவோ செய்பவருக்கு இது எண்ணிக்கையையே கெடுத்துவிடும்.

பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றாலோ, புள்ளிகளாலான வட்டக்குறிகள் தெரிந்தாலோ அந்தக் கோப்பின் உள்பாடம் உடைந்திருக்கிறது. வேறொரு யூனிகோடு எழுத்துருவில் மாற்றிப் பாருங்கள், அல்லது லிப்ரே ஆபீஸிலிருந்து பிடிஎஃப் எடுங்கள். ஒரே ஒரு இயலை எழுதி முடித்தவுடனே இதைச் செய்தால் மீதி இயல்களுக்குக் கவலையில்லை.

மேற்கோள் மேலாண்மைக்கு சொடேரோ என்ற மென்பொருள் போதும். இலவசம், 300 எம்பி வரை இணையத்திலும் சேமிக்கலாம். தமிழ்ப் பெயர்களில்தான் அது தடுமாறும். பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாகப் பிரித்து, கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். உ.வே. சாமிநாதையருக்குச் சரியாக அமைந்துவிடும், தலைப்பெழுத்தைப் பின்னால் போட்ட பெயருக்குக் கவிழும். இளங்கோவடிகள் போன்ற ஒற்றைப் பெயரை இரண்டு கட்டங்களில் எங்கே போடுவது என்று குழம்புவீர்கள். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்தினால் ஒற்றைக் கட்டமாக மாறும், அப்படிப் பதியுங்கள். ‘மற்றும் பிறர்’ போன்ற இடங்களில் ஆங்கிலச் சொற்கள் வந்து விழுகின்றனவா என்று இறுதிப் பட்டியலில் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். பழந்தமிழ் நூல் என்றால் பதிப்பாசிரியர், பதிப்பு ஆண்டு, பக்கம் மூன்றையும் குறிப்பெடுக்கும் அன்றே எழுதுங்கள். ‘புறநானூறு, 183’ என்பது பாடலைச் சொல்லும், எந்தப் பதிப்பின் பாடம் என்பதைச் சொல்லாது.

இனி 10 சதவீதம். இதன் மூலம் 2018-ஆம் ஆண்டின் யுஜிசி ஒழுங்குமுறை. 10 சதவீதம் வரை சிறு ஒப்புமை, தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய பிரதியையும் சமர்ப்பிக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், நிலையான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேராது. 14 சொற்கள் வரை தொடர்ந்து ஒத்துப்போவதைத் தற்செயலாகக் கருதி விலக்கவும் இடமுண்டு. இந்த 14 சொல் வரம்பு ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்டது போலத்தான் படுகிறது. தமிழில் 14 சொல் என்பது வேற்றுமை உருபுகளோடு சேர்ந்த ஒரு முழு வாக்கியம். அது தற்செயலாக ஒத்துப்போகாது. மென்பொருள் விட்டுவிட்டாலும் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

மென்பொருளை நூலகமே இலவசமாகத் தருகிறது. இன்ஃப்ளிப்நெட்டின் சோத்சுத்தி திட்டத்தில் 2019 முதல் இது கிடைக்கிறது. முதலில் உர்குண்ட் இருந்தது, பிறகு ட்ரில்பிட் வந்தது. சில இடங்களில் டர்னிட்டினும் உண்டு. வரைவைச் சோதிக்கக் கொடுக்கும்போது ‘சேமிப்பில் சேர்க்க வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள். வரைவு சேமிப்பில் போய்விட்டால், இறுதிப் பிரதி உங்கள் வரைவோடேயே கிட்டத்தட்ட முழுதும் ஒத்துப்போவதாக அறிக்கை வரும். இதே காரணத்துக்காகத்தான் ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துச் சோதிப்பது ஆபத்து. உங்கள் ஆய்வேடு யார் கணக்கில், எந்தச் சேமிப்பில் போய் உட்கார்ந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

சங்க இலக்கியம் போல மூலப்பாடல்களை ஏராளமாக எடுத்தாளும் ஆய்வேட்டில் வேறொரு சிக்கல் வரும். உள்தள்ளி எழுதிய செய்யுளை மென்பொருள் பல நேரங்களில் மேற்கோள் என்று உணராது, மேற்கோள் குறி இருந்தால் விலக்குவது எளிது. நீளமான பகுதிகளுக்கும் குறி போடுங்கள், அல்லது எந்தப் பக்கத்தில் எந்தப் பாடல் என்று ஒரு பட்டியல் தந்து அவற்றை விலக்கச் சொல்லுங்கள். நீங்களே வெளியிட்ட கட்டுரை ஆய்வேட்டில் இயலாக வந்திருந்தால், அதன் விவரத்தோடு வழிகாட்டி கையொப்பமிட்ட சான்றையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். ஆய்வேட்டிலும் அந்த இயலின் தொடக்கத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ் ஆய்வேட்டுக்கு 2 சதவீதம் என்று அறிக்கை வந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மென்பொருள் தன்னிடம் இருக்கும் பாடத்தோடுதான் ஒப்பிடும். தமிழில் அச்சான ஆய்வு நூல்களில் பெரும்பகுதி அதனிடம் இல்லை. ஆங்கில நூலிலிருந்து பெயர்த்து எழுதிய பத்தியையும் அது எளிதில் பிடிக்காது. புறத்தேர்வாளர் பிடித்துவிடுவார், ஏனென்றால் அந்த நூலைப் படித்தவர் அவர். சதவீதத்தைக் குறைக்கச் சொற்களை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் தமிழில் குறிப்பாக அசிங்கமாகத் தெரியும். ‘ஆகவே’ இருந்த இடத்தில் ‘எனவே’ வைப்பதால் கருத்து உங்களுடையதாகிவிடாது. யாருடைய கருத்தோ அவர் பெயரைப் போடுங்கள், பிறகு அதில் உங்களுக்கு உடன்பாடா மறுப்பா என்று எழுதுங்கள்.

கட்டுரை வெளியிடுவது பற்றி: யுஜிசி கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது உண்மைதான். 2022-ஆம் ஆண்டின் பிஎச்டி ஒழுங்குமுறைப்படி ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருப்பது தேசிய அளவில் கட்டாயமும் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி தனியாகக் கேட்கலாம், துறை அலுவலகத்தில் எழுத்து வடிவில் வாங்கிப் பாருங்கள். இதழைத் தேர்வது இப்போது உங்கள் பொறுப்பு. ‘யுஜிசி அங்கீகாரம் பெற்றது’ என்று இன்றும் விளம்பரம் செய்யும் இதழிலிருந்து விலகியே இருங்கள். ஐஎஸ்எஸ்என் எண் தரத்துக்குச் சான்று அல்ல, அது வெறும் அடையாள எண். அதே எண்ணையும் பெயரையும் போட்டுப் போலித் தளம் நடத்துவோரும் உண்டு. அதனால் ஐஎஸ்எஸ்என் தளத்தில் எண்ணைப் போட்டு, பதிப்பாளர் பெயரும் இணைய முகவரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள ஒருவருக்கு எழுதி, அவருக்கு இதழைத் தெரியுமா என்று கேளுங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்பவர்களும், தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்பவர்களும் உங்கள் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. சந்தேகம் இருந்தால் அனுப்பும் முன் நூலகரிடம் காட்டுங்கள். அனுப்பிய பிறகு திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான நிரந்தர அடையாள எண்) வாங்கிவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை. குடும்பப்பெயர் இல்லாத நமக்கு இது மற்றவர்களைவிட அவசியம். தலைப்பெழுத்து முன்னால் ஒரு கட்டுரையில், பின்னால் இன்னொன்றில், தந்தை பெயரை விரித்து மூன்றாவதில் என்று போனால் தரவுத்தளங்கள் உங்களை மூன்று பேராகப் பிரித்துவிடும். ஒரே வடிவத்தை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் இதோடு இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளத்திலும் தங்கள் பக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது.

பார்வைக் குறைபாடு உள்ள நண்பர்கள் யாராவது உங்கள் துறையில் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: ஜேஎன்யு மைய நூலகத்தில் ஹெலன் கெல்லர் பிரிவும், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பிரெய்ல் நூலகமும் இருக்கின்றன. அச்சு நூலை அவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது.

கடைசிக் கட்டம் சோத்கங்காவில் பதிவேற்றம். மதிப்பீடு முடிந்து, பட்டம் அறிவிக்கும் முன் பல்கலைக்கழகம் மின்பிரதியை இன்ஃப்ளிப்நெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. முழு ஆய்வேட்டை ஒரே கோப்பாகக் கொடுத்தால் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள். தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, பொருளடக்கம், ஒவ்வோர் இயல், துணைநூற்பட்டியல் எல்லாம் தனித்தனி பிடிஎஃப், 01, 02 என்று வரிசை எண்ணிட்ட பெயர்களோடு. தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்த ஒரு கோப்பு 80 என்ற எண்ணில் தனியே வேண்டும். கடவுச்சொல் பூட்டு கூடாது. கையொப்பமிட்ட பக்கங்களைத் தவிர வேறெதுவும் ஸ்கேனாக இருக்கக் கூடாது. தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நூலக ஊழியருக்குத் தமிழ் தெரியாத ஊரில் அதை அவரிடம் விட்டால் பிழையான ஆங்கிலத் தலைப்போடு நிரந்தரமாக நிற்கும். ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணம் இருந்தால், சிறிது காலம் திறந்துவிடாமல் வைக்க வழியுண்டா என்று இசைவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.

நிலுவையில்லாச் சான்று வாங்கிய பிறகு உங்கள் தொலைநிலைக் கணக்கு மூடப்படும். அதற்கு முன் சொடேரோவில் இருக்கும் பிடிஎஃப்கள் உங்கள் கணினியிலும் ஒரு வெளி வன்வட்டிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்க்கிட்டிலும் சொடேரோவிலும் பல்கலைக்கழக மின்னஞ்சல் இருக்கும் இடத்தில் சொந்த மின்னஞ்சலைச் சேர்த்துவிடுங்கள், அந்த முகவரியும் விரைவில் நின்றுவிடும்.